அரை மூட்டை சிவப்பு அரிசி

"ரெண்டு கேமரா முன்னாலயும் எறும்பு மாதிரிதான் போனேன் டீச்சர். ரெண்டுலயும்! அப்புறம் எப்படி எனக்குச் சம்மன் வருது?"

ஃபெடரல் ஹைவேயில் மாலை நேர நெரிசல். கிள்ளான் போகும் காடிகள் எல்லாம் ஒன்றின் முதுகை ஒன்று முகர்ந்துகொண்டு நின்றன. திருச்செல்வம் ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டி நியாயம் கேட்டார். பக்கத்து இருக்கையில் குமுதா கச்சான் கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"கேமரா முன்னால எறும்பு. சரி. நடுவுல?"

"நடுவுல..." திருச்செல்வம் தொண்டையைச் செருமினார். "நடுவுல காத்து கொஞ்சம் பின்னாலேருந்து தள்ளுச்சு."

"அண்ணே, அவங்க உங்க எறும்பைப் பார்க்கவே இல்ல. இந்தக் கேமராவை எப்போ தாண்டுனீங்க, அந்தக் கேமராவை எப்போ தாண்டுனீங்க, அது ரெண்டுதான் பார்த்தாங்க. தூரத்தை நேரத்தால வகுத்தா சராசரி நூத்தி முப்பது வருது. சராசரியே நூத்தி முப்பதுன்னா, வழியில ஒரு நொடியாவது உங்க முள்ளு நூத்தி முப்பதைத் தொட்டே ஆகணும். ரெண்டு கேமரா முன்னாலயும் நீங்க எறும்புன்னா, நடுவுல அதுக்கும் மேல பறந்திருக்கீங்க. கால்குலஸ் லா."

"அப்போ எனக்குச் சம்மன் அனுப்புனது போலீஸ் இல்ல. உங்க ஆட் மேத்ஸ்!" திருச்செல்வம் நெஞ்சில் கை வைத்தார். "ஃபார்ம் ஃபைவ்ல என்னைக் கவிழ்த்த பாடம் டீச்சர் அது. இத்தனை வருஷம் கழிச்சு வீடு தேடி வந்து அடிக்குது பாருங்க."

குமுதாவுக்கு முப்பத்து நான்கு வயது. பிரிக்பீல்ட்ஸில் பூமாலைக் கடை ஒன்றின் மாடியில் எட்டு வருடம் ஆட் மேத்ஸ் என்னும் கூடுதல் கணித டியூஷன் நடத்தியவள். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளைகள் சொல்லும் பொய்களைப் பிடித்துப் பிடித்து, அந்த ருசியில் டியூஷனை மூடிவிட்டு அதே மாடியில் துப்பறியும் நிலையம் திறந்துவிட்டாள். வெள்ளைப் பலகை மட்டும் அப்படியே இருந்தது. திருச்செல்வம் அவளைவிட இருபது வயது மூத்தவர். காலமெல்லாம் விரைவுப் பேருந்து ஓட்டிவிட்டு, கடைசியில் இந்தக் காடியை ஓட்ட வந்தவர். வந்த மாதமே 'துணைத் துப்பறிவாளர்' என்று தனக்குத் தானே கார்டு அடித்துக்கொண்டார். குமுதா அந்தப் பதவியை இன்றுவரை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"சராசரி பொய் சொல்லாது அண்ணே. ஆனா உண்மையை முழுசா சொல்லவும் சொல்லாது," என்றாள் குமுதா, ஒரு கச்சானை வாயில் போட்டபடி. "எந்த நேரத்துல எவ்வளவு வேகம்னு கேட்டா, சராசரி வாயைத் திறக்காது. அதைக் கேட்கத்தான் கால்குலஸ்."

இந்தப் பாடத்தை அவர் பாதிதான் காதில் வாங்கினார். மீதிப் பாதி மனம் கிஷனிடம் இருந்தது. கிஷன், டீச்சரின் பழைய மாணவன். பரீட்சையில் கேள்வித்தாளைத் திருப்பிப் பார்க்காமலே எழுந்து வந்த பிள்ளை என்று டீச்சர் அடிக்கடி சொல்லிச் சிரிப்பாள். அவன் ஒரு மணி நேரத்துக்கு முன்பு போனில் அழுத அழுகையில் கதை இப்படி வெளியே வந்தது.

அவன் அப்பா கமலநாதனுக்குக் கிள்ளானில் நகைக்கடை. ஊரில் புதிதாகத் திறந்த மால் ஒன்றில் இந்த வருடத் தீபாவளி அரிசிக் கோலம் அவர் உபயம். கோலத்துக்கு நடுவில் ஆள் உயரக் குத்துவிளக்கு. விளக்கின் உச்சியில், உள்ளங்கையில் அடங்குகிற தங்க அன்னம். 'சுத்தமான 916 தங்கம்' என்று கிள்ளானில் உள்ள விளக்குக் கம்பம் ஒவ்வொன்றிலும் பேனர் தொங்கியது. இன்று சாயங்காலம் கோலம் முடிந்த கையோடு அன்னத்தைக் காணோம். பழி விழுந்தது, கோலம் போட்ட பெண்களில் ஒருத்தியான மலர் மீது. அந்த மலரைத்தான் தை மாதம் கிஷன் கட்டிக்கொள்ளப் போகிறான்.

விருந்தினர்கள் வருவதற்குள் அன்னம் வராவிட்டால் போலீஸ் புகார். புகார் போனால் கல்யாணம் இல்லை. இதைச் சொன்னது மாப்பிள்ளையின் அப்பாவே.

"டீச்சர், அவ ஒரு அரிசியைக் கூட எடுத்துட்டு வரமாட்டா," என்று கிஷன் கடைசியாகச் சொன்னான். அதைக் கேட்ட நிமிடம் முதல் திருச்செல்வம் அந்தப் பெண்ணின் கட்சி. துப்பறிவாளர் இப்படி ஒரு பக்கம் சாயக் கூடாதுதான். ஆனால் கார்டில் அப்படி ஒன்றும் எழுதவில்லையே!

*

மாலுக்குள் நுழைந்ததும் திருச்செல்வம் இரண்டு விஷயங்களைக் கவனித்தார். ஒன்று, கோலம். மற்றொன்று, உட்கார இடம் இல்லை.

கோலத்தைப் பார்த்தவர் "அலாமா!" என்றார், அவ்வளவுதான். நடுவில் சிவப்புத் தாமரை, அதைச் சுற்றி மஞ்சள் வளையம், அதற்கும் வெளியே பச்சையும் நீலமுமாய்த் தோகையை வட்டமாக விரித்த மயில்கள். நடுவிலிருந்து ஓரம் வரை பத்தடி. அத்தனையும் சாயம் போட்ட பச்சரிசி. தாமரையின் நடுவே விளக்கு நின்றது. அதன் தலையில் மல்லிகைச் சரம் சுற்றியிருந்தது, அன்னம்தான் இல்லை. கூரையிலிருந்து தொங்கிய காகிதத் தோரணங்கள் ஆளுக்கொரு பக்கம் ஆடிக்கொண்டிருந்தன. அந்தத் தோரணங்கள்தான் மாலின் காவல் கேமராவின் கண்ணைக் காலையிலிருந்தே மூடிவைத்திருந்தனவாம்.

உட்கார இடம் தேடிய கண் தூண் பக்கம் போனது. அங்கே காலிச் சாக்குகள் மடித்துக் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் மிச்ச அரிசியோடு இரண்டு மூட்டைகள், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. எதையும் யாரும் நகர்த்தக் கூடாது என்று மால் மேனேஜர் போட்ட உத்தரவின்படி ஒரு ஜாகா காவலுக்கு நின்றான். நகர்த்தத்தானே கூடாது? உட்கார்ந்தே சம்பாதித்த உடம்பு அது. திருச்செல்வம் தீபாவளிக்குத் தைத்த வெள்ளை பேன்ட்டோடு சிவப்பு மூட்டைமேல் அமர்ந்தார். அது அவரைப் பாதி விழுங்கிக்கொண்டது.

"Boss, boss, அங்க ஏன் உட்காருறீங்க?" என்று ஒருவர் ஓடி வந்தார். விரலுக்கு ஒரு மோதிரம். குளிரூட்டி அத்தனை குளிரிலும் நெற்றியில் வியர்வை. கமலநாதன்தான். "நல்ல நாற்காலி கொண்டாரச் சொல்றேன். மேடை பக்கம் வாங்க."

"வேணாம் அண்ணே, இதுவே போதும். என்ன, கொஞ்சம் கல்லு இருக்கு போல, குத்துது."

"அதான் சொல்றேன், நாற்காலி..."

"முதல்ல கேஸைப் பார்ப்போமா அங்கிள்?" குமுதா குறுக்கே வந்தாள். "நான் குமுதா. கிஷனோட டீச்சர். அவர் என் அசிஸ்டன்ட்."

துணைத் துப்பறிவாளர், என்று திருச்செல்வம் மனதுக்குள் திருத்தினார்.

தூணுக்கு அந்தப் பக்கம் மலர் நின்றிருந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். நகக்கண்ணெல்லாம் நீலச் சாயம். அழுது முடித்துவிட்டு, இனி அழுவதில்லை என்று தீர்மானித்த முகம். பக்கத்தில் கிஷன், கையைப் பிடிக்கலாமா வேண்டாமா என்ற தவிப்பில். அங்கிருந்த எல்லாருமே நின்றுகொண்டுதான் இருந்தார்கள்.

"யார் முதல்ல பார்த்தது?" குமுதா கேட்டாள்.

"நான்தான் டீச்சர்," என்றான் கிஷன். "கோலம் முடிஞ்சு எல்லாரும் வேன்ல ஏறிப் போயிட்டாங்க. மலர் மட்டும் விழாவுக்காக இருந்தா. நான் போட்டோ எடுக்க மேல மாடிக்குப் போனேன். மேல இருந்து பார்த்தா பூ மட்டும் இருக்கு, அன்னம் இல்ல. கத்திட்டேன்."

"கத்தியே கத்திட்டான்," என்றார் கமலநாதன். அந்தக் குரலில் இருந்த எரிச்சலைத் திருச்செல்வம் கவனித்தார். தங்கம் போனதைக் கண்டுபிடித்த பிள்ளையை எந்த அப்பன் இப்படி நொந்துகொள்வான்? ஆனால் அதற்குமேல் யோசிக்க விடாமல் அந்தக் கல் மறுபடியும் குத்தியது.

"மலர்தான்னு எப்படிச் சொல்றீங்க அங்கிள்?"

கமலநாதன் கோலத்தின் ஓரத்துக்குப் போனார். கணக்கு சொல்லப் போகிறவருக்கு உண்டான தோரணை வந்துவிட்டது. "இதுல என்னம்மா இருக்கு? அன்னம் திருகு போட்டு மாட்டுனது. நாலஞ்சு சுத்து கையால திருகுனாத்தான் வரும், குச்சி வெச்செல்லாம் எடுக்க முடியாது. கோலம் நடுவுலேருந்து வெளியே வளருது. மேல கால் வைக்க முடியாது. அப்போ சிவப்புத் தாமரை முடியிற வரைக்கும்தான் விளக்கு கைக்கு எட்டும். மஞ்சள் வந்துட்டா எட்டாது."

"கரெக்ட்," என்றாள் குமுதா.

"தாமரை எவ்வளவு? நடுவுலேருந்து ரெண்டரை அடி. கோலம் பத்தடி. கால்வாசி. மொத்தம் எட்டு மணி நேர வேலை. எட்டுல கால்வாசி ரெண்டு மணி நேரம். எட்டு மணிக்கு ஆரம்பிச்சாங்க. ஒன்பதரைக்கு எல்லாரும் பசியாறப் போனாங்க. அப்போ தாமரை முடியல, விளக்கு கைக்கு எட்டுற தூரம். இந்தப் பொண்ணு மட்டும் போகாம இங்கேயே தனியா உட்கார்ந்திருந்தா."

"கௌரி விரதம்," என்றாள் மலர். "அதான் போகல. நான் ரவாங்லேருந்து ரயில்ல வந்து சேரவே ஒன்பது ஆயிருச்சு. வந்தப்பவே மஞ்சள் போட்டுக்கிட்டு இருந்தாங்க. இதை எத்தனை தடவை சொல்றது மாமா?"

"மாமான்னு கூப்பிடாதே," என்றார் கமலநாதன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

எழுந்து போய் நாலு வார்த்தை கேட்டால் என்ன என்று திருச்செல்வத்துக்குத் தோன்றியது. ஆனால் மூட்டை அவரை அவ்வளவு சுலபமாக விடுவதாக இல்லை.

"வந்தப்பவே மஞ்சள்ங்கிறது அவ சொல்றது," என்றார் கமலநாதன். "சாட்சி யாரு?"

சாட்சி சொல்ல வேண்டியவர்கள் ரவாங்கில் இருந்தார்கள். கோலக் குழுவின் தலைவி அமுதவள்ளிக்குத் தீபாவளி மாதத்தில் ஒரு மால் விட்டால் அடுத்த மால். வேலை நேரத்தில் எல்லார் போனும் ஒரே பைக்குள் போய்விட வேண்டும் என்பது அவள் சட்டம். பை வேனில், ஆட்கள் தரையில். மலர் இருபது முறை கூப்பிட்டும், சிவப்பு எப்போது முடிந்தது என்று கேட்டுச் செய்தி அனுப்பியும், பைதான் மணியடித்துக்கொண்டிருந்தது.

"அங்கிள், ஒன்னே ஒன்னு," என்றாள் குமுதா. குரலில் தேன் ஒழுகியது. டீச்சரின் குரலில் தேன் ஒழுகினால் யாரோ கேள்வித்தாளுக்கு முன்னால் உட்கார வைக்கப்படுகிறார்கள் என்று அர்த்தம். திருச்செல்வம் நிமிர்ந்து உட்கார்ந்தார். "காலைல கொஞ்சம் வேகம், மத்தியானம் கொஞ்சம் தூக்கம், அப்படி இல்லையே? ஒரே வேகத்துலதான் போட்டாங்களா?"

"ஒரே வேகம்! அந்த அமுதவள்ளி சும்மா விடுவாளா? மணிக்கு ஒரு மூட்டை. முதல் மணியும் ஒரு மூட்டை, கடைசி மணியும் ஒரு மூட்டை. அதனாலதானே அடிச்சுச் சொல்றேன், கால்வாசிக் கோலம், கால்வாசி நேரம்."

"தேங்க்ஸ் அங்கிள். கிஷன், பச்சை மூட்டையிலேருந்து ஒரு தட்டு அரிசி அள்ளிட்டு வா."

ஜாகா மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் மேடையில் மைக்கோடு போராடிக்கொண்டிருந்தார். ஜாகா கண்ணை மூடிக்கொண்டான். நல்ல ஜாகா.

*

குமுதா தரையில் மண்டியிட்டாள். பிரிக்பீல்ட்ஸ் மாடியில் வெள்ளைப் பலகைக்கு முன்னால் நிற்பவளும் இவளும் ஒன்றுதான் என்று திருச்செல்வத்துக்குப் பட்டது. கையில் மார்க்கருக்குப் பதில் பச்சை அரிசி.

"ஒரு பிடி போடு கிஷன். வட்டமா பரப்பு. அவ்வளவுதான். இதுதான் நம்ம தாமரை. நடுவுலேருந்து ஓரம் வரைக்கும் என் சுண்டுவிரல் அளவு. இப்போ அதைச் சுத்தி, அதே சுண்டுவிரல் அகலத்துல இன்னொரு வளையம் போடு. எத்தனை பிடி ஆகுதுன்னு எண்ணு."

கிஷன் போட்டான். ஒரு பிடி, வளையம் பாதிகூட வரவில்லை. இரண்டு, இன்னும் வாய் திறந்திருந்தது. மூன்றாவது பிடியில் மூடிக்கொண்டது.

"மூனு," என்றான்.

"அதைச் சுத்தி அதே அகலத்துல இன்னொன்னு."

ஐந்து பிடி ஆனது. வேடிக்கை பார்க்க ஒரு சிறு கூட்டம் கூடிவிட்டது. பைகளோடு போன ஒரு சீன அக்காகூட நின்றுவிட்டார். நான்காவது வளையத்துக்குக் கூட்டமே சேர்ந்து எண்ணியது. "அஞ்சு... ஆறு... ஏழு!" கைதட்டல் வேறு. திருச்செல்வம் மூட்டைமேல் உட்கார்ந்தபடியே விசிலடித்தார். ஆட் மேத்ஸ் இவ்வளவு கலகலப்பான பாடம் என்று ஃபார்ம் ஃபைவில் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"ஒன்னு, மூனு, அஞ்சு, ஏழு. மொத்தம் பதினாறு பிடி," என்றாள் குமுதா. "நாலு வளையமும் ஒரே அகலம். ஆனா வெளியே போகப் போக வளையம் பெருசு. அரிசி ஒரே வேகத்துல விழுந்தாலும் ஓரம் ஒரே வேகத்துல நகராது. ஆரம்பத்துல ஓரம் ஓடும். கடைசியில தவழும். நீங்க பார்த்தது சராசரி அங்கிள். பத்தடி, எட்டு மணி நேரம். ஆனா காலைல அந்த நிமிஷத்துல ஓரம் எவ்வளவு வேகமா ஓடுச்சுன்னு சராசரிக்குத் தெரியாது."

"கேமராக்கு முன்னால எறும்பு, நடுவுல ராக்கெட்!" என்று கத்தினார் திருச்செல்வம். அவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "டீச்சர், எனக்குப் புரிஞ்சிருச்சு! கோலம் முன்னால ராக்கெட், பின்னால எறும்பு!"

"ஆமா அண்ணே. தாமரை கால்வாசி தூரம். ஆனா பதினாறுல ஒரு பங்கு அரிசி. அப்போ பதினாறுல ஒரு பங்கு நேரம். எட்டு மணி நேரத்துல பதினாறுல ஒன்னு..."

"அரை மணி நேரம்," என்றாள் மலர். முதல் முறையாக அவள் குரல் நிமிர்ந்தது. "எட்டரைக்கெல்லாம் தாமரை முடிஞ்சிருச்சு. நான் அப்போ ரயில்ல இருந்தேன்."

"இதெல்லாம் பேச்சுக் கணக்கு," என்றார் கமலநாதன். வியர்வை இப்போது காதுவரை வந்திருந்தது. "அரிசியா சாட்சி சொல்லும்?"

"சொல்லுமே. நீங்க சொன்னபடி மணிக்கு ஒரு மூட்டை. தாமரைக்கு ரெண்டு மணி நேரம் ஆகியிருந்தா ரெண்டு மூட்டைச் சிவப்பு காலியாகியிருக்கணும். அரை மணி நேரம்னா அரை மூட்டை. சிவப்பு மொத்தம் எத்தனை மூட்டை வாங்குனீங்க?"

"ஒன்னு," என்றான் கிஷன். "நான்தான் வாங்கினேன். ஒன்னே ஒன்னுதான்."

"செல்வம் அண்ணே, உங்களுக்குக் கீழ எவ்வளவு மிச்சம் இருக்கு?"

திருச்செல்வம் இடமும் வலமும் அசைந்து ஆராய்ச்சி செய்தார். அவர் வாழ்க்கையிலேயே மிக முக்கியமான சாட்சியம் அது. "பாதி டீச்சர். உட்கார்ந்ததுமே பாதி உள்ளே போயிட்டேன். இதுல எனக்குச் சர்வீஸ் ஜாஸ்தி, தப்பா சொல்லமாட்டேன்."

கூட்டம் சிரித்தது. கிஷன் மலரின் கையைப் பிடித்தேவிட்டான். அவன் கன்னத்தில் பச்சை அரிசி ஒட்டியிருந்தது, அவள் அதைத் தட்டிவிட்டாள். திருச்செல்வத்துக்குக் கண் கலங்கியது. இத்தோடு கேஸ் முடிந்தது, கடை எதிலாவது மீ கோரெங் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம் என்று நினைத்தார்.

"சரிம்மா, மலர் எடுக்கல. நல்லது. சந்தோஷம்," என்றார் கமலநாதன், அவசர அவசரமாக. "போலீஸெல்லாம் வேணாம். போனது போகட்டும். Boss, இப்பவாவது எழுந்து வாங்க. குடிக்க தே தாரிக் சொல்லியிருக்கேன், நாற்காலி போட்டாச்சு."

அப்போதுதான் மலரின் போன் அடித்தது. அமுதவள்ளியிடமிருந்து குரல் செய்தி. மலர் அதை எல்லாரும் கேட்கும்படி வைத்தாள்.

"மலரு, இப்பதான்டி பையைத் திறந்தேன். என்ன இத்தனை மிஸ்டு கால்? ரவாங் மால்ல தரையைக் கூட்டக்கூட ஆள் இல்ல, எல்லாம் நானேதான். என்ன கேட்டிருந்தே, சிவப்பா? அது எப்பவோ முடிஞ்சிருச்சு லா. நீ அப்போ ரயில்ல தூங்கிக்கிட்டு இருந்திருப்பே. ஆனா உன் மாமனாரு இருக்காரே, என்ன மனசுடி அவருக்கு! முத பிடி அரிசி அவர்தான் போட்டாரு. விளக்குல பூவை அவரே சரி பண்ணாரு. தாமரை முடியிற வரைக்கும் பக்கத்துலயே நின்னுட்டு, மிச்ச சிவப்பு மூட்டையை அவரே வாயைக் கட்டி, அவரே தூக்கிட்டுப் போய் தூண் பக்கம் வெச்சாரு. பெரிய முதலாளி, எங்க மூட்டையைத் தூக்குறாரு! சரி, சாயம் காயுது, வைக்கிறேன்."

செய்தி முடிந்தது. மேடையில் மைக் ஒரு முறை கீச்சிட்டு அடங்கியது.

குமுதா எழுந்து கையிலிருந்த அரிசியைத் தட்டினாள். "தாமரை முடியிற வரைக்கும் பக்கத்துல நின்னவருக்கு அது எட்டரைக்கு முடிஞ்சது தெரியாதா அங்கிள்? தெரிஞ்சும் ஏன் ரெண்டு மணி நேரம்னு கணக்கு சொன்னீங்க?"

கமலநாதன் விரல் மோதிரத்தைத் திருகத் தொடங்கினார்.

"இன்னொன்னு. அவமானப்பட்டு நிக்கிற பொண்ணுக்கு நீங்க ஒரு நாற்காலி போடல. பெத்த பிள்ளைக்கும் போடல. இன்னைக்கு முதல் தடவையா பார்க்கிற என் அண்ணனுக்கு மட்டும் வந்ததுலேருந்து நாற்காலி, நாற்காலின்னு உபசாரம். அண்ணே, எழுந்திரிங்க."

திருச்செல்வம் எழுந்தார். அதாவது, கிஷனும் ஜாகாவும் ஆளுக்கொரு கை கொடுத்துத் தூக்கினார்கள். குமுதா மூட்டையின் வாயை அவிழ்த்து, முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினாள். வெளியே வந்த கையில், உடம்பெல்லாம் சிவப்புப் பொடி பூசிக்கொண்டு, கழுத்தை வளைத்து உட்கார்ந்திருந்தது அன்னம்.

"கல்லுன்னேனே!" திருச்செல்வம் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டார். "இவ்வளவு நேரம் நான் இதை அடைகாத்துக்கிட்டா இருந்தேன்?"

அவர் திரும்பியதும் கூட்டம் வெடித்துச் சிரித்தது. வெள்ளை பேன்ட்டின் பின்னால் வட்டமாக ஒரு சிவப்புத் தாமரை பூத்திருந்தது.

*

கமலநாதன் சிரிக்கவில்லை. தூணில் சாய்ந்தவர், குரலை இறக்கிக்கொண்டு, அவர்களுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"முலாம்மா அது. உள்ள பித்தளை. பேனர்ல 916னு போட்டுட்டேன், ஒரு பெருமைக்கு. யாரு உரசிப் பார்க்கப் போறான்னு நினைச்சேன். நேத்து மேனேஜர் சொல்றாரு, சிறப்பு விருந்தினர் பிரிக்பீல்ட்ஸ் பரமேஸ்வரன்னு. என்னைவிடப் பழைய நகைக்கடைக்காரன். பத்தடி தூரத்துலேருந்தே முலாமைச் சொல்லிடுவான். அதான் காலைல பூவைச் சரி பண்ற மாதிரி கழட்டிட்டேன். கோலம் போடுறவங்க தரையைத்தானே பார்க்கிறாங்க. சாயங்காலம் மூட்டையோட எடுத்துட்டுப் போயி, பாதுகாப்புக்காக லாக்கர்ல வெச்சிருக்கேன்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இவன் கத்திட்டான். மேனேஜர் வந்துட்டாரு, ஜாகா நின்னுட்டான். யாரு, எப்போன்னு கேட்கிறாங்க. நான் இல்லாத நேரமா ஒன்னைச் சொன்னேன். அந்த நேரத்துல நீ தனியா இருந்தேன்னு எனக்குத் தெரியாதும்மா."

"தெரிஞ்ச பிறகு?" என்றாள் மலர்.

கமலநாதன் தலையைக் குனிந்துகொண்டார். வெட்கம் முகம் முழுக்கத் தெரிந்தது.

"அப்பா, தை மாசம் கல்யாணம் இருக்கா இல்லையான்னு இனிமே அவதான் சொல்லணும்," என்றான் கிஷன்.

மலர் மேடையைப் பார்த்தாள். "என்னைத் திருடின்னு எல்லார் முன்னாலயும் சொன்னீங்க. இல்லைன்னும் எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. மைக்ல. அது என்ன உலோகம்ங்கிறதையும் சேர்த்து."

கமலநாதன் ஒரு கணம் கண்ணை மூடினார். பிறகு மேடை ஏறினார். போனவர் பாதியில் திரும்பி வந்துவிடுவார் என்று திருச்செல்வம் மனதுக்குள் பந்தயம் கட்டினார். தோற்றார். கமலநாதன் மைக்கைப் பிடித்து, திணறித் திணறி, ஆனால் ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னார். மலர் எடுக்கவில்லை, எடுத்தது நான், அன்னம் வெறும் முலாம், பேனர் நாளைக்கே இறங்கும் என்றார். மால் மொத்தமும் நின்று கேட்டது.

அவர் முடித்ததும் நகரும் படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். பரமேஸ்வரனேதான். "யோவ் கமலநாதா, பேனர் போட்டோ பார்த்தப்பவே தெரியும்யா முலாம்னு! தீபாவளி அதுவுமா உன்னை ஏன் கேட்கணும்னு விட்டுட்டேன். இதுக்கா இவ்வளவு கூத்து?"

அதற்குப் பிறகு சிரிப்பை அடக்க யாராலும் முடியவில்லை. மேனேஜர் சிரித்தார், ஜாகா சிரித்தான். மேடையிலிருந்து இறங்கிய கமலநாதனே தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீரோடு. குமுதா கைக்குட்டையால் அன்னத்தைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் மலரிடம் நீட்டினார்.

"முலாமா இருந்தாலும் அழகாத்தான்மா இருக்கு. விருந்தாளிங்க வந்துட்டாங்க. உன் கையாலயே அதை விளக்குல மாட்டிடு. மாட்டிட்டு... ஒரே ஒரு தடவை மாமான்னு கூப்பிடும்மா."

மலர் அன்னத்தை வாங்கிக்கொண்டாள். கோலத்தைப் பார்த்தாள். நீலத்தைத் தாண்டி, பச்சையைத் தாண்டி, மஞ்சளைத் தாண்டி, சிவப்புத் தாமரைக்கு நடுவே அந்த விளக்கு பத்தடி தூரத்தில் நின்றது.

"எட்டாது மாமா," என்றாள். "காலைல அரை மணி நேரத்துலயே எட்டாம போயிருச்சு."